மாத்திரையைக் குறைத்தால் மாற்று இதயம் தாங்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நோயெதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் மாத்திரைகள் சாப்பிடுகிறார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில், 0.9 ஆக இருந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) இப்போது 1.7. டாக்ரோலிமஸைக் குறைத்து எவரோலிமஸ் சேர்க்கலாம் என்கிறார் மருத்துவர். குறைத்தால் உடல் அந்த இதயத்தை நிராகரித்துவிடாதா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதுதான். ஆனால் இதயத்தைக் காக்கும் அதே டாக்ரோலிமஸ், சிறுநீரகத்துக்குள் ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது வடிகட்டும் திசுக்கள் தழும்பேறிப் போகின்றன. சுருக்கத்தைத் தளர்த்த முடியும், தழும்பைப் போக்க முடியாது என்பதால், கிரியேட்டினின் 3-ஐத் தொடும்வரை காத்திராமல் இப்போதே மாற்ற நினைப்பது சரியான யோசனை என்றே கருதுகிறேன். எவரோலிமஸ் வேறொரு வழியில் நோயெதிர்ப்பை அடக்குவதால், குறைத்த பங்கை அது ஈடுகட்டும். தொடங்குமுன் சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்று பார்ப்பார்கள்; அதிகமாகப் போனால் இம்மருந்து பெரும்பாலும் ஏற்றதல்ல. மாற்றிய பிறகு ரத்தத்தில் மருந்தின் அளவு, எக்கோ (இதய ஸ்கேன்), தேவைப்பட்டால் இதயத் திசுப் பரிசோதனை ஆகியவற்றால் நிராகரிப்பின் அறிகுறியைக் கவனிப்பார்கள். நீங்களாக வீட்டில் அரை மாத்திரை குறைப்பதுதான் ஆபத்து.

ரத்தப் பரிசோதனைக்குக் கோவைக்குப் போகும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். இரவு 8 மணிக்கு டாக்ரோலிமஸ் சாப்பிடுபவருக்கு, மறுநாள் காலை 8 மணி மாத்திரைக்கு முன் எடுக்கும் ரத்தமே மருந்தின் உண்மையான அளவைக் காட்டும். விடியற்காலைப் பேருந்தில் ஏறும் அவசரத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால், அளவு கூடுதலாகத் தெரிந்து, மருந்து தேவைக்கு மேல் குறைக்கப்படலாம். மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு, ரத்தம் எடுத்த கையோடு ஆய்வகத்திலேயே போட்டுக்கொள்ளட்டும். மேட்டுப்பாளையம் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுப்பவரானால் இதில் இன்னொரு நன்மையும் உண்டு: மாத்திரை வீணாகாது.

மேடு ஏறி இறங்கி முழங்கால் வலித்தால் மருந்துக் கடையில் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கிப் போடக் கூடாது. ஏற்கெனவே சுருங்கிய குழாய்களை அவை மேலும் சுருக்கும். சளிக்காக வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால், வாங்குமுன் இதய மாற்றுக் குழுவிடம் கேளுங்கள். அது டாக்ரோலிமஸ் அளவை எகிற வைக்கும். பம்பளிமாசுப் பழமும் அதே வேலையைச் செய்யக்கூடும். தோட்டத்தில் மரம் இருந்தால் பழத்தை வீட்டில் மற்றவர்கள் சாப்பிடட்டும், அவருக்கு வேண்டாம்.