ஒபாமா கணக்கையே தொறந்து பாத்தாங்க

கேள்வி: நாம யாருக்கு, எவ்ளோ நேரம் போன் பேசுறோம்னு கம்பெனியில வேலை பாக்குறவங்க நினைச்சா எடுத்துப் பாத்துட முடியுமா சார்?

பதில்: முடியும், நடந்தும் இருக்கு. 2008 நவம்பர்ல, ஒபாமா ஜெயிச்சு இன்னும் பதவி ஏத்துக்கல, வெரைசான் வயர்லெஸ்ங்கிற அமெரிக்க செல்போன் கம்பெனி ஊழியர்கள் சில பேர் அவரோட பழைய செல்போன் கணக்கை அனுமதியே இல்லாம தொறந்து பாத்துட்டாங்கன்னு அந்த கம்பெனியே ஒத்துக்கிச்சு. அது மடக்குற மாடல் சாதா போன், சில மாசமா உபயோகத்துலயே இல்ல. அப்போ தலைவரா இருந்த லோவெல் மெக்காடம் மன்னிப்பு கேட்டாரு, பாத்தவங்களை உடனே லீவுல அனுப்பி விசாரிச்சாங்க. பேசுன பேச்சு அதுல இருக்காதுதான், ஆனா ஒரு பொண்ணு ராத்திரி டாக்டருக்கோ வக்கீலுக்கோ போட்ட கால், அவளுக்குத் தெரிஞ்சவன் எவனோ ஒருத்தன் கண்ணுல பட்டா என்ன ஆகும்? எனக்கு கோவமே அங்கதான் வருது. பில் சந்தேகம்னு நாம கூப்பிடுறப்ப அவங்களுக்கு விவரம் தெரியணும், அதனால மொத்தமா பூட்டு போட முடியாது, யார் எந்த கணக்கை எப்போ தொறந்தாங்கன்னு சிஸ்டத்துல பதிவாகணும், அதை ஒருத்தர் உக்காந்து பாக்கணும். ஏமாத்தி கால் ரெக்கார்ட் வாங்குனா 10 வருஷம் வரைக்கும் ஜெயில்னு அமெரிக்காவுல 2007 ஜனவரியிலயே சட்டம் வந்துடுச்சு. உங்களுக்கு சந்தேகம்னா வாயால சொல்லி விட்றாதீங்க, எழுத்துல புகார் குடுத்து புகார் நம்பரை வாங்கி வச்சுக்கங்க.