ஆகஸ்டில் காய்கறி விதைகளை நேரடியாக மண்ணில் விதைக்கலாமா? சிங்கப்பூரில் ஆடிப்பட்டம் உண்டா?

விதைக்கலாம். தாழ்வாரத்தில் தொட்டி வைத்திருக்கும் நீங்கள், இலையுதிர்கால அறுவடைக்கு ஆகஸ்டில் விதைக்கச் சொல்லும் ஓர் அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதன் நாட்கணக்கை விட்டுவிடுங்கள். சுடும் மண்ணில் விதையை முளைக்க வைக்க அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி நமக்கு ஆண்டு முழுவதும் உதவும்.

அவர்கள் முதல் உறைபனி விழும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். விதைப் பொட்டலத்தில் முள்ளங்கிக்கு 30 நாள் என்று போட்டிருந்தால், அதோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்வார்கள். செப்டம்பருக்குப் பிறகு அங்கே பகல் குறைந்துகொண்டே வரும், செடி மெதுவாகத்தான் வளரும். சிங்கப்பூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. வெப்பமான மாதத்துக்கும் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் சுமார் 2 டிகிரிதான் வேறுபாடு. அதனால் அந்தக் கெடு இங்கே கிடையாது.

ஆடிப்பட்டமும் அப்படியே பொருந்தாது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆடியில் விதைத்தால் அதற்குள் வேர் பிடித்துவிடும். இங்கே கனமழைக் காலம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. டிசம்பரில் சராசரியாக 330 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும், பிப்ரவரியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். திறந்தவெளியில், அதாவது சமூகத் தோட்டத்திலோ தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்தியிலோ பயிரிடுகிறீர்கள் என்றால், பின்னோக்கி எண்ண வேண்டிய தேதி, கனமழை வலுக்கும் நவம்பர் நடுப்பகுதி. வெண்டை காய்க்கத் தொடங்க 50, 60 நாள் ஆகும், அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் பறிக்கலாம். ஆகஸ்ட் தொடக்கத்தில் விதைத்தால் கணக்கு சரியாக வரும். கீரை, சாய் சிம் என்ற சீனக் கீரை எல்லாம் ஒரு மாதப் பயிர், அவற்றுக்கு இந்தக் கவலையே வேண்டாம். கங்கோங் என்ற வள்ளைக்கீரை மழையை விரும்பும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டி வைப்பவர்கள் மழையைவிட வெயிலின் திசையைத்தான் பார்க்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. நாம் பூமத்திய ரேகைக்குச் சற்றே வடக்கே இருக்கிறோம். மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு ஜூனில் நல்ல வெயில் கிடைக்கும். ஆகஸ்டில் அது வெளிப்பக்கக் கைப்பிடிச் சுவரை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே இருக்கும், அக்டோபரில் நேர்வெயில் சுத்தமாக இருக்காது. ஆகஸ்டில் அங்கே வெண்டை விதைத்தால் பூக்கும் நேரத்தில் செடி நிழலில் நிற்கும். பூச்சி, உரக்குறை என்று எதையெதையோ காரணம் சொல்வோம்! தெற்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு நேர்மாறு. கிழக்கு, மேற்குப் பார்த்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள், ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் உண்டு.

தொட்டியைத் தரையில் வைத்தால் கைப்பிடிச் சுவரின் நிழல் விழும். ஒரு தட்டடுக்கில் ஏற்றி வையுங்கள். சுவரின் மேல் மட்டும் வைக்காதீர்கள், கீழே விழுந்தால் ஆளைக் கொன்றுவிடும். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி விதைப்பு. இங்கே நண்பகலில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் மேல்மண் தொட்டால் சுடும். கீரை விதை அதையும் தாங்கும், லெட்டூஸ் தாங்காது. மண் 30 டிகிரியைத் தாண்டினால் லெட்டூஸ் விதை உறங்கிவிடும். விதை மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஈரத்துணியில் சுற்றி ஓரிரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பொழுது சாயும் நேரத்தில் விதையுங்கள். விதை நீரை இழுத்துக்கொள்ளும் முதல் சில மணி நேரம் இரவின் குளிர்ச்சியில் கழிய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் புளோக் அருகே சமூகத் தோட்டத்தில் சாய் சிம் போடும் ஒரு சீன அங்கிள் எதையுமே மாலை ஆறு மணிக்கு முன்னால் விதைக்க மாட்டார்.

முதலில் பள்ளத்தை நனைத்து, விதையைப் போட்டு, மேலே உலர்ந்த தேங்காய்நார்த் தூளால் மூடுவது என் வழக்கம். விதைத்த பிறகு மேலே ஊற்றினால் மண் இறுகி ஓடு போலப் பொருக்குத் தட்டும், மெல்லிய முளையால் அதை உடைத்து வர முடியாது. அமெரிக்கர்கள் கேரட் விதைத்த வரிசையின் மேல் பலகை போட்டு ஈரம் காப்பார்கள். இங்கே பலகைக்கு அடியில் நத்தைதான் குடியேறும். நிழல்வலையை ஒரு சாண் உயரத்தில் கட்டினால் போதும். வெயிலும் குறையும், அடைமழையின் அடியும் தணியும், மைனாவும் கிளறாது. முளை வந்ததும் வலையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து சாயும்.

முள்ளங்கி, கேரட், வெந்தயம், மல்லி ஆகியவற்றை நேரடியாகத்தான் விதைக்க வேண்டும், பிடுங்கி நட்டால் கெட்டுவிடும். வெண்டையையும் பயத்தங்காயையும் நேரடியாகப் போடுவதே நல்லது. வெண்டை விதையை இரவு ஊறவைத்துக்கொள்ளுங்கள். கீரை விதை பொடிப்பொடியாக இருக்கும், மணலோடு கலந்து தூவுங்கள், எறும்பு தூக்கிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேக்காச் சந்தையில் சமையலுக்கு வாங்கும் வெந்தயமும் முழு மல்லியுமே பெரும்பாலும் முளைக்கும். மல்லியை இரண்டாக உடைத்துப் போடுங்கள். இந்தச் சூட்டில் அது சீக்கிரம் பூத்துவிடும், அடர்த்தியாக விதைத்து இளசாகவே கிள்ளிக்கொள்ளுங்கள். காணொளியில் பார்த்த காலிஃபிளவர், பட்டாணி, பாலக் மூன்றையும் நான் முயலச் சொல்ல மாட்டேன். பாலக்குக்குப் பதில் கொடிப்பசலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லும் வரை தழைக்கும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரை அன்றாடம் கொட்டுங்கள், முடிந்தால் தட்டே வேண்டாம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த அளவு நீரே போதும், கொசுச் சோதனைக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

அமெரிக்காவில் இலையுதிர்காலத்துக்கு விதைக்க ஒரே வாய்ப்புதான், அதனால் மொத்தமாக விதைக்கிறார்கள். நீங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசை என்று போட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரு வரிசையை மழை அடித்துக்கொண்டு போனாலும் அடுத்தது இருக்கும். உங்கள் தாழ்வாரம் எந்தத் திசை என்று நீங்கள் எழுதவில்லை. தெற்கு என்றால் இப்போது கீரையோடு நிறுத்திக்கொண்டு வெண்டையைச் செப்டம்பர் கடைசியில் விதையுங்கள், மேலே கூரை இருப்பதால் டிசம்பர் மழை பெரிதாகத் தொடாது. வடக்கு என்றால் வெண்டை அடுத்த மார்ச்சில்தான்.