கொடி அவிழவில்லை, சக்கரம் உடைகிறது, ராணி என்ன செய்வாள்?: வாசகர் கேள்விகள்

கடந்த ஆகஸ்ட் 15 அன்று எங்கள் பள்ளியில் விருந்தினர் கயிற்றை இழுத்தார், கொடி அவிழவில்லை. இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. கடைசியில் ஒரு மாணவன் கம்பத்தில் ஏறினான். எங்கே தவறினோம்?
– விழாக்குழு உறுப்பினர், பள்ளத்தூர்

மூன்று இடங்களில் தவறியிருக்கலாம்.

முதலாவது முடிச்சு. ஷூ லேஸில் போடுவதுபோல, ஒரு முனையை இழுத்தால் முழுதும் அவிழ்கிற ஒற்றை வளையம் போதும். "காற்றில் பிரிந்துவிடுமோ" என்று பயந்து அதன்மேல் இன்னொரு முடிச்சு போடுவார்கள். கொடி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது முடிச்சில்தான். பருத்திக் கயிறு நனைந்தால் உப்பி இறுகும். ஆகஸ்டில் ராத்திரி மழை பெய்யக்கூடும் என்பதால் முதல் நாளே கட்டிவைக்காதீர்கள்.

இரண்டாவது பூ. கொடிக்குள் இதழ் வைப்பதைக் கொடி விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் இரண்டு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். பொதி கனத்தால் தொங்கும், கயிறு அதைக் கவ்விக்கொள்ளும். உலர்ந்த ரோஜா இதழ் நல்லது. சாமந்தி என்றால் காம்பை நீக்கி இதழை மட்டும் உதிர்த்து வையுங்கள். ஈர இதழ் வெள்ளைப் பட்டையில் கறை வைத்துவிடும்.

மூன்றாவது கப்பி. ஒரு வாரம் முன்பே இறக்கித் துடைத்துக் கிரீஸ் தடவுங்கள். தேங்காயெண்ணெய் புழுதியைச் சேர்த்து இன்னும் மோசமாக்கும்.

20 அடிக் கம்பத்துக்கு 1350 × 900 மில்லிமீட்டர் கொடி பொருத்தம். அதைவிடப் பெரியது வாங்கினால் பொதியும் தடிக்கும். ஒத்திகையைக் கொடியில் பார்க்காமல், அதே அளவுத் துண்டில் பாருங்கள். கட்டும்போது காவி மேலே இருக்கிறதா என்று இன்னொருவர் தனியாகச் சரிபார்க்கட்டும். அதிகாலை இருட்டில் தலைகீழாகக் கட்டிவிடுவது நடக்கிறது.

அப்படியும் மாட்டிக்கொண்டால் வெட்டி இழுக்க வேண்டாம், யாரும் ஏறவும் வேண்டாம். பொதியோடு கீழே இறக்கி, பிரித்து, விரித்த கொடியாகவே மறுபடி ஏற்றுங்கள். அதில் எந்த அவமரியாதையும் இல்லை. சொல்லப்போனால் ஆகஸ்ட் 15-இன் வழக்கமே கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுவதுதான். உச்சியில் கட்டிவைத்து விரிப்பது ஜனவரி 26-க்கு உரியது.

புதிதாகக் கட்டும் சமூகக் கூடத்தின் தரையில் ஆத்தங்குடிக் கல்லில் மூவர்ணக் கொடி பதிக்க ஆசை. உபயதாரர் பெயரும் அதிலேயே வர வேண்டுமாம். செய்யலாமா?
– கட்டடக்குழுவினர், கோட்டையூர்

தரையில் கூடாது. கொடி தரையில் படவே கூடாது என்பது விதி. நீங்களோ அதன்மேல் நடக்கப் போகிறீர்கள். சுவரில் பதியுங்கள், தண்ணீர் தெறிக்காத, யாரும் முதுகு சாய்க்காத உயரத்தில்.

அளவைச் சொல்லிவிடுகிறோம், பட்டறைக்காரரிடம் அப்படியே கொடுக்கலாம். கொடியின் நீளமும் உயரமும் 3:2. பலரும் 12 அங்குலக் கல்லை மூன்றுக்கு இரண்டாக அடுக்குகிறார்கள். அப்போது நடு மூட்டு சக்கரத்தின் குறுக்கே ஓடி, அதை இரண்டாக உடைத்துக் காட்டும். 8 அங்குலக் கல் எடுங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு வரிசை, மொத்தம் மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் மூன்று முழுக் கல், இரு ஓரத்திலும் 6 அங்குலமாக வெட்டிய கல். மொத்தம் 15 கல். அகலம் 36 அங்குலம், உயரம் 24. வெள்ளை வரிசையின் நடுக்கல்லில் சக்கரம் முழுதாக அமர்ந்துவிடும். அதன் விட்டம் சுமார் ஏழேகால் அங்குலம், ஆரக்கால்கள் 24, நிறம் கருநீலம். அச்சில் ஊற்றும் நிறக்கலவை நீர்த்துப் போனால் மெல்லிய ஆரக்கால்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கலவை கெட்டியாக இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கொடிமேல் எந்த எழுத்தும் கூடாது, எவ்வளவு பெரிய உபயமானாலும். பெயரைத் தனிக் கல்லில், தள்ளிப் பதியுங்கள். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வார்ப்பார்கள்; கண்ணாடிமேல் படியும் பக்கமே கல்லின் முகம். ஆகவே அச்சில் எழுத்து இடவலம் மாறி இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் போனால் பெயர் திரும்பி நிற்கும்.

எங்கள் ஐயா காலத்து வீட்டின் முகப்பில் விக்டோரியா ராணியும் துப்பாக்கிச் சிப்பாயும் சுதை உருவமாக நிற்கிறார்கள். அவர்களை உடைத்துவிட்டு அசோகச் சிங்கம் வைக்கலாம் என்கிறார்கள் பங்காளிகள். சரிதானா?
– வாசகி, கானாடுகாத்தான்

வேண்டாம் ஆச்சி, இரண்டுமே வேண்டாம்.

நான்முகச் சிங்கம் அரசின் முத்திரை. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதைத் தம் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாணப் பத்திரிகைக்கும் இதே பதில்தான். கொடியின் நிலை வேறு. அதை மரியாதையோடு பறக்கவிடுவது குடிமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொல்லிவிட்டது. 2022 ஜூலையிலிருந்து வீட்டில் இரவும் பகலும் பறக்கலாம். முகப்பில் கொடி ஏற்றுங்கள், ராணி கீழே நின்றபடி பார்த்துக்கொண்டிருக்கட்டும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன வீட்டார் எந்த ஆட்சியின் கீழ் பொருள் ஈட்டினார்கள் என்பதற்கு அந்தச் சுதை ஒரு சாட்சி. உடைத்தால் திரும்பச் செய்ய ஆள் கிடைப்பது கடினம்.

பழுது பார்க்கும்போது சிமென்ட் வைக்காதீர்கள், சுண்ணாம்புக் காரையே வையுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் மூக்கும் விரலும் உதிரத் தொடங்கும்.

சாயம் போன கொடியை என்ன செய்வது?
– வாசகர், தேவகோட்டை

கந்தலைப் பறக்கவிடுவதும் விதிப்படி தவறுதான். கரித்துணியாக்காமல், துண்டு போடாமல், முழுதாக, தனியிடத்தில் எரிப்பதையே விதிகள் முதலில் சொல்கின்றன. 2021 டிசம்பரில் பாலியஸ்டருக்கும் அனுமதி வந்தது, ஆனால் அது சீராக எரியாமல் உருகிச் சொட்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே பருத்திக் கொடி வாங்கச் சொல்வோம். விழா முடிந்ததும் பிள்ளைகள் கையிலிருக்கும் காகிதக் கொடிகளை வாசலிலேயே ஒரு பெட்டியில் வாங்கி வையுங்கள்.