மழை நாளில் பள்ளி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆரஞ்சு எச்சரிக்கை என்கிறார்கள், வெயில் அடிக்கிறது. மஞ்சள் என்கிறார்கள், கொட்டித் தீர்க்கிறது. எதை நம்பிப் பிள்ளையை வீட்டில் நிறுத்துவது?
– ஒரு தாய், தேவாலா

பதில்: அந்த நிறம் மாவட்டம் முழுவதற்குமானது. நீலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆடி மாதத்தில் பந்தலூரில் அடைமழை பெய்யும்போது கோத்தகிரியில் தூறல்கூட இல்லாமல் போகலாம். கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும் ஆட்சியர் விடுமுறை விடுவது அதனால்தான்.

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை பெய்தால் கனமழை. 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு என்று பொருள். ஆக, மஞ்சளுக்கு விடுமுறை தேவையில்லை, சிவப்புக்குக் கட்டாயம் தேவை. சிக்கல் ஆரஞ்சில்தான். அன்று உங்கள் ஊரின் அளவைப் பாருங்கள்.

மழைமானியை வீட்டிலேயே செய்யலாம். 2 லிட்டர் குளிர்பான பாட்டிலைத் தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே வெட்டி, வெட்டிய தலையைக் கவிழ்த்துப் புனல்போல் உள்ளே செருகுங்கள். அடியில் உள்ள மேடுபள்ளம் மறையும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்புங்கள். அந்தத் தண்ணீர் மட்டம்தான் பூஜ்ஜியம். அங்கிருந்து மேலே ஒரு ஸ்கேலை ஒட்டினால் ஒவ்வொரு மி.மீ. கோடும் ஒரு மி.மீ. மழை. மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்குக் குறித்துவிட்டுப் பழையபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். வானிலைத் துறையின் நாள் கணக்கும் 8.30-க்குத்தான் தொடங்குகிறது.

ஒரு நாள் அளவைவிட மூன்று நாள் கூட்டல் முக்கியம். முதல் நாள் 100 மி.மீ.யை மண் குடித்துக்கொள்ளும். ஊறிப்போன மூன்றாம் நாளில் அதில் பாதி பெய்தாலே சரிவு இளகலாம். மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு எஸ்டேட் லைன் வீடுகளை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) மண் மூடியதும் விடாது பெய்த மழைக்குப் பிறகுதான்.

கேள்வி: பள்ளி திறந்த பிறகு மழை வலுத்தால் மதியமே பிள்ளைகளை அனுப்பிவிடலாமா? பெற்றோர் அதைத்தான் கேட்கிறார்கள்.
– தலைமையாசிரியர், வால்பாறை

பதில்: அனுப்பாதீர்கள். மழைநாளில் பள்ளிகள் செய்யும் தவறுகளிலேயே பெரியது இதுதான். விடுமுறை விடுவதானால் முதல் நாள் இரவு 8 மணிக்குள் சொல்ல வேண்டும். தவறினால் காலை 6 மணி. ஏழரைக்குச் சொன்னால் எஸ்டேட் ஜீப் பாதி வழியில் இருக்கும். அந்த நேரமும் தாண்டிவிட்டால், மழை விடும்வரை பிள்ளைகள் பள்ளியிலேயே இருக்கட்டும்.

மதியம் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார், வீடு பூட்டியிருக்கும். வழக்கமான பஸ் அந்த நேரத்துக்கு வராது, பிள்ளைகள் நடப்பார்கள். மேலே மழை குறைந்த பிறகுதான் கீழே ஓடையில் வெள்ளம் உச்சத்தைத் தொடும். ஆகவே "மழை விட்டுவிட்டது, கிளம்புங்கள்" என்று சொல்லும் அந்த அரை மணி நேரம்தான் தரைப்பாலத்தில் மிகவும் ஆபத்தானது. வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். 30 செ.மீ. சிறிய காரையே மிதக்க வைக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணுக்கால் அளவுகூட வேண்டாம்.

நிறுத்தி வைக்க முன்னேற்பாடு வேண்டும். சத்துணவுக் கணக்கில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 150 கிராம். நூறு சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேளை சமைக்க 10 கிலோ அரிசி போதும், பருப்பும் விறகும் நனையாமல் இருந்தால் சரி. டார்ச், குடிநீர், சில போர்வைகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வழிப் பட்டியல்: எந்தப் பிள்ளை எந்த ஓடையைத் தாண்டுகிறது, யாரிடம் ஒப்படைக்கலாம், அவர் போன் எண் என்ன. அதில் பெயர் உள்ளவர் கையெழுத்திட்டால் மட்டுமே பிள்ளையை விடுங்கள்.

பிள்ளைகளை எந்த அறையில் உட்கார வைப்பது என்பதும் முக்கியம். மேட்டை ஒட்டிய, தடுப்புச் சுவருக்குக் கீழே உள்ள அறை வேண்டவே வேண்டாம். அந்தச் சுவரின் நீர் வடியும் துளைகளை மே மாதமே கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அடைபட்டால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிச் சுவரையே தள்ளும். தெளிவாக வடிந்த தண்ணீர் திடீரெனச் செம்மண் நிறமானாலோ, ஓடிய ஓடை சட்டென நின்றாலோ, மரமும் மின்கம்பமும் சாய்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். முன்பே முடிவு செய்துவைத்த கட்டடத்துக்குப் போய்விடுங்கள். ஓடை வழியே கீழே இறங்காமல், சரிவுக்குப் பக்கவாட்டில் விலகுங்கள்.

கேள்வி: நாங்கள் களியக்காவிளையில் இருக்கிறோம், மகன் பாறசாலையில் படிக்கிறான். எந்த ஆட்சியர் விடும் விடுமுறை எங்களுக்குப் பொருந்தும்?
– ஒரு தந்தை

பதில்: பள்ளி இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியர், அதாவது திருவனந்தபுரம். ஆனால் கன்னியாகுமரிப் பக்கம் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்த விடுமுறைக்குக் காத்திருக்காதீர்கள். வகுப்பாசிரியருக்குத் தகவல் சொல்லிவிட்டு மகனை நிறுத்திக்கொள்ளுங்கள். கேரளத்தில் பள்ளி நிவாரண முகாமானால் அந்தப் பள்ளிக்கு மட்டும் தனியே விடுமுறை வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐப்பசியில் சரியாகப் பள்ளி விடும் நேரத்துக்கு இடி இடிக்கிறது. இதற்கெல்லாம் விடுமுறை விட முடியுமா?
– ஆசிரியை, கூடலூர் (தேனி)

பதில்: விடுமுறை வேண்டாம், மணி தாமதமானால் போதும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஒரு பிள்ளையும் வெளியே போகக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே அனுப்புங்கள். இடையில் இன்னொன்று கேட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். கண்ணாடி ஏற்றிய பஸ்ஸுக்குள் இருக்கலாம். புளிய மரத்தடியும் பக்கம் திறந்த நிழற்குடையும் கூடாது. உங்கள் பள்ளி மணி மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு என்றால், அந்த நேரத்தில் அதை அடிக்க யாரையும் அனுப்பாதீர்கள். வகுப்பு வகுப்பாக வராந்தா வழியே போய்ச் சொல்லுங்கள்.