கேள்வி-பதில்: ஸ்டவுட் ஸ்டூவுக்கு எதை வாங்குவது, எதை விடுவது

அயர்லாந்தில் குளிர் ஏறியதும் மாட்டிறைச்சியைக் கருப்பு பீரான ஸ்டவுட்டில் மணிக்கணக்கில் வேகவிடும் ஸ்டூ பல வீடுகளில் அடுப்பேறும். இங்கே குடியேறிய நம்மவர்களும் சமைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது வந்திருக்கும் கடிதங்களில் தெரிகிறது. பெரும்பாலானவை சமையலைவிட, வாங்கிய பொருளைப் பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

முக்கால் கிலோ கறிக்கு இரண்டு டின் கின்னஸ் ஸ்டவுட் ஊற்றினேன். மூன்று மணி நேரம் கழித்து வாயில் வைக்க முடியாத கசப்பு. பழைய டின்னை விற்றுவிட்டார்களா? (லிமரிக் வாசகர்)

டின்னில் குறையில்லை. ஸ்டவுட்டின் கருப்பு நிறம் நன்றாக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. கசப்பில் ஒரு பங்கும் அதிலிருந்துதான், மீதி பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூ தருவது. தண்ணீர் வற்றினாலும் கசப்பு வற்றாது, இன்னும் இறுகும். ஒரு லிட்டர் ஸ்டவுட்டை மூன்று மணி நேரம் வற்றவிட்டால் இப்படித்தான் ஆகும்.

1 கிலோ கறிக்கு 500 மில்லி டின் ஒன்று தாராளம். மீதிக்கு எலும்புச் சாறு அல்லது உப்புக் குறைந்த சாறுக்கட்டி கரைத்த தண்ணீர். வெங்காயம், கேரட், பார்ஸ்னிப் மூன்றிலும் இனிப்பு இருக்கிறது, கஞ்சத்தனம் வேண்டாம். அப்படியும் கசந்தால் ஒரு டீஸ்பூன் பழுப்புச் சர்க்கரை போதும். கடையில் டின்னில் உள்ள ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 4 சதவீதத்தை ஒட்டியது ஸ்டூவுக்குச் சரி. 7.5 சதவீத ‘ஃபாரின் எக்ஸ்ட்ரா’ கின்னஸ் குடிப்பதற்கானது, சட்டிக்கு வேண்டாம். கார்க் நகரத்து மர்ஃபீஸ் ஸ்டவுட்டில் கசப்பு இன்னும் குறைவு. விலை கூடிய கைவினை ஸ்டவுட்டை வாங்கிக் குழம்பில் கொட்டுவது காசுக்குக் கேடு.

நான்கு டின் வாங்கினேன், பில்லில் 60 சென்ட் கூடுதல். கேட்டால் அப்படித்தான் என்கிறார்கள். ஏமாற்றா? (நேஸ் வாசகி)

இல்லை. அது டெபாசிட். 2024 பிப்ரவரி 1 முதல் 500 மில்லி வரையுள்ள டின்னுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 15 சென்ட், அதற்கு மேல் 25 சென்ட். காலி டின்னை நசுக்காமல், பார்கோடு கிழியாமல், சூப்பர்மார்க்கெட்டில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் காசு திரும்பும். கண்ணாடி பாட்டில் இந்தத் திட்டத்தில் இல்லை.

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. மீதி மூன்று டின்னைத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டா? (ஸ்வோர்ட்ஸ் வாசகர்)

இல்லை.

அக்கா, சூப்பர்மார்க்கெட்டில் ‘ஸ்டூயிங் பீஃப்’ என்று எழுதிய தட்டு வாங்கினேன். ஒரே சட்டி, ஒரே நேரம். சில துண்டு பஞ்சாக வெந்தது, சில துண்டு செருப்புத் தோல் மாதிரி இருந்தது. என் சமையலில் தவறா? (டாலா வாசகர்)

உங்கள் சமையலில் தவறில்லை தம்பி. நான் வருடக்கணக்காகச் சொல்லிவரும் குறை இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

‘ஸ்டூயிங் பீஃப்’ என்றொரு பாகம் மாட்டில் கிடையாது. அது ஒரு உபயோகத்தின் பெயர். தோள்பட்டைக் கறியும் அந்தப் பெயரில் வரும், தொடைக் கறியும் வரும், வேறு வேலைக்கு வெட்டியதில் மிஞ்சிய ஓரத் துண்டுகளும் வரும். தோளும் முன்னங்காலும் மாடு நாள் முழுக்க உழைக்கும் தசைகள். அவற்றில் கொலாஜன் என்ற சவ்வு நிறைய. மெல்லிய சூட்டில் இரண்டரை, மூன்று மணி நேரம் கிடந்தால் அந்தச் சவ்வு கரைந்து ஜெலட்டின் ஆகி, குழம்புக்கு வழவழப்பும் கறிக்கு மென்மையும் தரும். தொடைக் கறியில் சவ்வும் குறைவு, கொழுப்பும் குறைவு. அதே நேரம் வேகவிட்டால் சாறு வெளியேறி நார்நாராக வறண்டு போகும். இரண்டையும் ஒரே தட்டில் கலந்து வைத்தால் எந்தக் கைதேர்ந்த சமையல்காரரும் தோற்பார்.

அடுத்த முறை தட்டைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். துண்டுகள் ஒரே நிறமா, நார் ஓடும் வாக்கு ஒன்றா, நடுவே வெள்ளைக் கோடு தெரிகிறதா? ஒரு துண்டு கருஞ்சிவப்பாகவும் பக்கத்துத் துண்டு வெளிறியும் இருந்தால் பெரும்பாலும் கலவைதான். அடியில் விரித்த உறிஞ்சுதாள் ஊறிப்போய்ச் சாறு தேங்கியிருந்தால் வைத்துவிடுங்கள்.

சட்டம் மாட்டின் வரலாற்றைச் சொல்லச் சொல்கிறது. எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே அறுக்கப்பட்டது, எங்கே துண்டாக்கப்பட்டது, எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். மாட்டுப் பைத்திய நோய்க் காலத்துக்குப் பின் 2000-இல் வந்த ஐரோப்பிய விதி அது. பிறந்ததும் வளர்ந்ததும் அறுக்கப்பட்டதும் ஒரே நாடு என்றால் ‘ஆரிஜின்: அயர்லாந்து’ என்று ஒரே வரியில் போடலாம். நல்ல சட்டம், மதிக்கிறேன். 2013 ஜனவரியில் பர்கருக்குள் குதிரைக்கறி இருந்ததை இந்த நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியே கொண்டுவந்ததையும் மறக்க மாட்டேன். ஒரு மாதிரியில் மாட்டிறைச்சியின் அளவோடு ஒப்பிட 29 சதவீதம் குதிரை. அத்தனைக்குப் பிறகும், நான் காசு கொடுக்கும் கறி தோளா தொடையா என்று தட்டில் எழுதாமல் விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாடு எந்த நாட்டில் பிறந்தது என்று சொல்பவர்களால் எந்தப் பாகம் என்றும் சொல்ல முடியும்.

அதனால் முழுத் துண்டாக, பெயர் சொல்லி வாங்குங்கள். கறிக்கடையில் ‘ஷின்’ என்று கேட்டால் கால் கறி, ‘சக்’ என்றால் கழுத்தும் தோளும் சேரும் இடம். ‘ஹவுஸ்கீப்பர்ஸ் கட்’ என்று ஐரிஷ் கடைகளில் கேட்டாலும் தோள்பட்டைக் கறிதான் தருவார்கள். ‘ரவுண்டு’ என்றால் தொடை, ஸ்டூவுக்கு வேண்டாம். கண்ணெதிரே நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள், சிறிதாக வெட்டினால் சீக்கிரம் வறளும். சூப்பர்மார்க்கெட்டில் வாங்கினால் தட்டின் விலையை விட்டுவிட்டு, அலமாரிச் சீட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் கிலோ விலையைப் படியுங்கள். வெட்டிய கறிக்கு முழுத் துண்டைவிடக் கிலோவுக்கு அதிகம் வாங்கும் கடைகள் உண்டு.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், மதுவைத் தொடமாட்டார். கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். உண்மையா? குழந்தைக்குக் கொடுக்கலாமா? (கால்வே வாசகி)

எல்லாம் போகாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி இரண்டரை மணி நேரம் கொதித்த பிறகும் ஊற்றியதில் 5 சதவீதம் மிஞ்சும், ஒரு மணி நேரத்தில் இறக்கினால் 25 சதவீதம். முழுச் சட்டிக்கு அது சொற்பம்தான். ஆனால் அம்மா தொடமாட்டேன் என்றால் அதைச் சொல்லாமல் பரிமாறாதீர்கள். கின்னஸ் 0.0 என்று ஆல்கஹால் எடுத்த டின் கிடைக்கிறது, அதே பங்கில் ஊற்றுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் எலும்புச் சாறு மட்டும் போதும். ஒன்று கவனியுங்கள்: 0.0 ஆனாலும் அது பார்லி. வீட்டில் யாருக்காவது சீலியாக் நோய் (க்ளூட்டன் ஒவ்வாத குடல் நோய்) இருந்தால் சாதா ஸ்டவுட், 0.0 இரண்டுமே ஆகாது. பொருள் பட்டியலில் பார்லி தடித்த எழுத்தில் இருக்கும்.

எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி, 140 யூரோ. மூன்றாவது வாரம் உள்ளே எனாமல் செதில் செதிலாகப் பெயர்ந்து ஸ்டூவில் கிடந்தது. உற்பத்தியாளருக்கு எழுதுங்கள், நாங்கள் பொறுப்பில்லை என்று கடையில் அனுப்பிவிட்டார்கள். (ட்ராஹெடா செவிலியர்)

அவர்கள் சொன்னது பொய். நீங்கள் காசு கொடுத்தது கடைக்கு, பொறுப்பும் கடைக்கே. 2022 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகென்றால் முதலில் பழுது நீக்கம் அல்லது மாற்றுப் பொருள். 12 மாதத்துக்குள் தெரியும் பழுது வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும்.

உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, இன்றே எழுதுங்கள். படம், பில், வாங்கிய தேதி, ‘பணம் திரும்ப வேண்டும்’ என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். மறுத்தால் சிறு உரிமைக் கோரல் நடைமுறை இருக்கிறது: 2,000 யூரோ வரை, கட்டணம் 25 யூரோ, வக்கீல் வேண்டாம். இரவுப் பணி முடித்து வந்து சமைத்ததைக் கொட்ட வேண்டி வந்ததற்கு வருந்துகிறேன். செதில் விழுந்த சாப்பாட்டைச் சாப்பிடாதது சரி.

இந்தச் சட்டி விஷயத்தில் நானும் பட்டவள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள ஒரு இணையக் கடையில் விலை மலிவென்று வாங்கினேன். வாசலில் வரி கட்டச் சொன்னார்கள், கட்டிப் பிரித்தால் விளிம்பில் விரல் அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது. எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. பிரிட்டனிலிருந்து வாங்குபவர்களும் இதை நினைவில் வையுங்கள். வாட் வரியும், விலையைப் பொறுத்துச் சுங்கவரியும் சேரும், தகராறு என்றால் இங்குள்ள உரிமைகளை அங்கே நிலைநாட்டுவது கடினம்.

தள்ளுபடியில் ஒன்பது லிட்டர் சட்டி கிடைத்தது. நாங்கள் இரண்டு பேர். ஓவனுக்குள் நுழையவில்லை. பில்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன், ஒரு தடவை சமைத்தும் விட்டேன். கடை பணம் தர மறுக்கிறது, என்ன அநியாயம்? (பிளான்சர்ட்ஸ்டவுன் வாசகர்)

அநியாயம் எதுவும் நடக்கவில்லை. சட்டி நன்றாக இருக்கிறது, அளவெடுக்காமல் வாங்கியது நீங்கள். நேரில் வாங்கிய நல்ல பொருளை மனம் மாறியதற்காகத் திருப்பி எடுக்கும் கடமை கடைக்கு இல்லை. இணையத்தில் வாங்கியிருந்தால் 14 நாள் இருந்திருக்கும், அதிலும் சமைத்துவிட்டால் பணம் குறையும். இரண்டு பேருக்கு நான்கு லிட்டர் போதும். ஓவனின் உள்ளுயரத்தை டேப்பால் அளக்க ஒரு நிமிடம் ஆகாது. தள்ளுபடிச் சீட்டைப் பார்த்ததும் கை நீளும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

மெதுவடுப்பு (ஸ்லோ குக்கர்) ஒன்றை ஒருவர் ஆன்லைனில் பாதி விலைக்குப் போட்டிருந்தார். ஆப் வழியாக 45 யூரோ அனுப்பினேன். உடனே கணக்கையே மூடிவிட்டார். என் முட்டாள்தனம்தான், இருந்தாலும் கேட்கிறேன். (கார்க் மாணவி)

முட்டாள்தனம் என்று சொல்லாதம்மா. திருடியது அவன். வாடகைக்கும் பஸ்ஸுக்கும் எண்ணிச் செலவழிக்கும் மாணவிக்கு 45 யூரோ எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பணம் அனுப்பிய நிறுவனத்துக்கு மோசடி என்று இப்போதே தெரிவி. பக்கத்துக் கார்டா (ஐரிஷ் போலீஸ்) நிலையத்தில் புகார் கொடு, விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்திருந்தால் எடுத்துப் போ. தொகை சின்னது என்று தயங்காதே, அதே ஆள் இன்னும் பலரிடம் வாங்கியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் இப்படிப் போன பணம் திரும்புவது கடினம். கார்டில் கட்டியிருந்தால் வங்கி வழியாகத் திரும்பக் கேட்க வழி உண்டு, பணப் பரிமாற்றத்தில் அது இல்லை. தனி ஆளிடம் வாங்கும்போது நேரில் பார்த்து, கரண்டில் போட்டு, சூடேறுவதைத் தொட்டுணர்ந்த பிறகே பணம்.

ஸ்டூவுக்கு மெதுவடுப்பு கட்டாயமும் இல்லை. மூடி இறுக்கமான அடிகனப் பாத்திரம் போதும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கரில் செய்யலாமா, அல்லது புதுச் சட்டி வாங்கத்தான் வேண்டுமா? (போர்ட்லீஷ் வாசகர்)

குக்கர் போதும், காசை வைத்துக்கொள்ளுங்கள். கறியை நன்றாகச் சிவக்க வறுத்து, ஸ்டவுட்டை ஊற்றித் திறந்தபடியே ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு நுரை அடங்கியபின் மூடுங்கள். நுரையோடு மூடினால் ஆவித் துளை அடைபடும். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். சூடு குறைத்து 35, 40 நிமிடம். அப்புறம் காய்கறி போட்டுத் திறந்தே வேகவிட்டால் குழம்பு இறுகும்.

டப்ளின் நகர நடுவில் ஒரு உணவகத்தில் 24 யூரோவுக்கு ஸ்டூ. ஐந்து துண்டு கறி. எந்த நாட்டு மாடு என்று கேட்டால் தெரியாதாம். (சுற்றிப் பார்க்க வந்த வாசகர்)

ஐந்து துண்டுக்குச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மாடு எந்த நாடு என்று உணவகம் எழுதி வைத்தே ஆக வேண்டும், 2006 முதல் அது விதி. பெயரையும் தேதியையும் குறித்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள். கடையில் வாங்கும் தயார் ஸ்டூ டப்பாவில் கறி எத்தனை சதவீதம் என்று இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ரூஸ்டர் உருளைக்கிழங்கு ஐந்து கிலோ வாங்கினேன். ஸ்டூவில் போட்டதெல்லாம் கூழாகிவிட்டது. கெட்ட கிழங்கு என்று திருப்பலாமா? (வாட்டர்ஃபோர்ட் வாசகி)

கிழங்கு நல்லது. சிவப்புத் தோல் ரூஸ்டர் மாவுக் கிழங்கு, கார்லோவின் ஓக் பார்க்கில் உருவாக்கிய ரகம், மசிக்கவும் வறுக்கவும் ஏற்றது. கறியோடு சேர்த்து மூன்று மணி நேரம் போட்டால் கரையத்தான் செய்யும். பெரிய துண்டாக வெட்டிக் கடைசி 40 நிமிடத்தில் போடுங்கள், அல்லது தனியாக மசித்து அதன் மேல் ஸ்டூவை ஊற்றுங்கள். துண்டு துண்டாக நிற்க வேண்டும் என்றால் ஷார்லட் மாதிரி வழுக்குக் கிழங்கு வாங்குங்கள். ஐந்து கிலோ மூட்டையை வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள், பச்சை ஏறினால் அதைச் சமைக்கக் கூடாது.