நிகரச் சொத்து மதிப்பைவிட மலிவா?

கேள்வி: சிங்கப்பூர்ச் சொத்து நிறுவனம் ஒன்றின் பங்கு விலை 52 காசு. அறிக்கையில் சொத்திலிருந்து கடன்களைக் கழித்து வரும் மொத்தத் தொகையைப் (total equity) பங்கு எண்ணிக்கையால் வகுத்தால் 1 வெள்ளி வருகிறது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: முதலில் வகுத்தலைச் சரிபாருங்கள். சொத்து 900 மில்லியன் வெள்ளி, கடன் முதலியவை 400 மில்லியன் என்றால் மிச்சம் 500 மில்லியன். ஆனால் அதில் நிரந்தரக் கடன்பத்திரக்காரர்களின் (முதிர்வுத் தேதி இல்லாத பத்திரம் வைத்திருப்பவர்களின்) 50 மில்லியனும் துணை நிறுவனங்களில் பிறருக்குரிய 50 மில்லியனும் இருக்கலாம். அவை உங்களுடையவை அல்ல. மீதி 400 மில்லியனை 500 மில்லியன் பங்குகளால் வகுத்தால், ஒரு பங்கின் நிகரச் சொத்து மதிப்பு 80 காசுதான். நிறுவனம் தானே திரும்ப வாங்கி வைத்துள்ள பங்குகளை எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. 52 காசு விலை, 80 காசு மதிப்பில் 0.65 மடங்கு. பாதி விலை இல்லை.

அடுத்து, அந்த 900 மில்லியன் எதில் இருக்கிறது? 800 மில்லியன் கட்டடங்கள் என்று வையுங்கள். மதிப்பீடு 10 விழுக்காடு இறங்கினால் 80 மில்லியன் போய்விடும், கடன் குறையாது. 80 காசு 64 காசாகும். தொழிற்பேட்டைக் கட்டடமென்றால் குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்றும் பாருங்கள். நேர்மாறாக, நிறுவனமே நடத்தும் ஹோட்டல் கணக்கில் பழைய அடக்க விலையில் தேய்மானம் கழித்துக் கிடக்கலாம். அங்கே மதிப்பு ஒளிந்திருக்கும்.

பெரும்பங்குதாரர் சொத்தை விற்கவும் மாட்டார், ஈவுத்தொகையும் கொடுக்க மாட்டார் என்றால், 0.65 பத்தாண்டுக்கும் 0.65 ஆகவே நிற்கலாம். ஐந்தாண்டு ஈவுத்தொகை வரலாற்றைப் பார்க்காமல் கைவைக்காதீர்கள்.