முன்சக்கரத்துக்கு மேலே ஒரு சத்தம்: பழைய கார் சஸ்பென்ஷன் கேள்வி பதில்

கேள்வி அனுப்பியவர்களில் பாதிப் பேர் "ஷாக் அப்சார்பரை மாற்றிவிடலாமா?" என்றுதான் முடித்திருக்கிறீர்கள். பொறுங்கள். முதலில் சத்தத்தைப் பிடிப்போம். எந்த வேகத்தில் வருகிறது, எப்படிப்பட்ட பள்ளத்தில் வருகிறது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பிரேக்கில் கால் இருக்கிறதா என்று 2 நாள் ஓட்டிப் பார்த்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். மெக்கானிக்குக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கேள்வி: குண்டும் குழியுமான சாலையில் மெதுவாகப் போகும்போது முன்னால் லொடலொடவென்று சத்தம். வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினால் ஒன்றும் இல்லை. இரண்டு ஷாக்கையும் மாற்றியாயிற்று, சத்தம் அப்படியே இருக்கிறது.

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறுகின்றன. அப்போது ஸ்டெபிலைசர் பார் (இடது, வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) முறுக்கப்படாமல் தன் புஷ்ஷுக்குள், அதாவது அதைத் தாங்கும் ரப்பர் உறைக்குள், சும்மா சுழலும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போதுதான் பார் முறுக்கிக்கொள்ளும். அந்த விசை முழுவதும் அதன் இரு முனையிலும் உள்ள லிங்க் ராடு என்ற சின்ன இணைப்புக் கம்பி வழியாகப் போகும். லிங்க்கின் சின்னப் பந்துமூட்டு தேய்ந்திருந்தால், விசை திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு கேட்கும்.

சோதிக்கும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க்கை ஆட்டிப் பார்த்து, "கெட்டியாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு சக்கரம் தொங்கினால் பார் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு லிங்க்கை இறுக்கிப் பிடித்திருக்கும். தேய்மானம் கைக்குத் தெரியாது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். அப்போது லிங்க்கைக் கைக்குள் பிடித்து வெடுக்கென்று ஆட்டுங்கள். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் இரண்டு லிங்க்கையும் கழற்றி, எதிலும் உரசாதபடி பாரைக் கட்டிவைத்து, அதே சாலையில் மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். வளைவில் வண்டி வழக்கத்தைவிடச் சாயும், எச்சரிக்கையாக இருங்கள். சத்தம் நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது. நிற்காவிட்டாலும் நட்டமில்லை, ஒரு சந்தேகம் தீர்ந்தது.

இதே சத்தத்துக்காக என் பழைய காருக்கும் ஒரு பணிமனையில் ஷாக்குகளை மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்து லிங்க்கைக் கையில் எடுத்தபோது அதன் பந்து கிண்ணத்துக்குள் சோழிபோல் உருண்டது. அந்த நாளிலிருந்து எந்த முன்பக்கச் சத்தத்துக்கும் நான் முதலில் கை வைப்பது லிங்க்கில்தான்.

கேள்வி: வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது "டங்" என்று ஒரு சத்தம். ஸ்டியரிங்கும் லேசாக எகிறுகிறது. ஓடும்போது ஒன்றும் இல்லை.

பதில்: ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) தலையில் உள்ள மவுண்ட் பேரிங்கைப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பேரிங் துருப்பிடித்து இறுகினால் ஸ்பிரிங் திரும்பாமல் முறுக்கேறி, தாங்க முடியாத கட்டத்தில் உதறிக்கொண்டு விடுபடும். அதுதான் அந்த "டங்".

வண்டி தரையில் நிற்கட்டும். உதவிக்கு ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை மட்டும் வையுங்கள். சுருள்களுக்கு நடுவே விரல் போகவே கூடாது. நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் உள்ளங்கைக்கு அடியில் வழுவழுவென்று நகரும். கெட்டது என்றால் முதலில் அசைவே இருக்காது, பிறகு கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குதிக்கும். ஒருமுறை கையில் பட்டுவிட்டால் அந்த உதறல் பிறகு மறக்காது.

பேரிங்கை மாற்றும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும் வலு அதற்கு உண்டு. சரியான ஸ்பிரிங் கம்ப்ரசர் உள்ள பணிமனையில் கொடுங்கள். கழற்றும்போது ஸ்பிரிங்கின் கீழ்ச்சுருளையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் அந்தக் கடைசிச் சுருள் துருவேறி உடைந்து, யாருக்கும் தெரியாமல் தட்டிலேயே உட்கார்ந்திருப்பதுண்டு.

கேள்வி: பிரேக் போட்டதும் ஒரே ஒரு "டக்". பிறகு ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போட்டால் இன்னொரு "டக்".

பதில்: லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கீழ்க்கை) பின்பக்க புஷ். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது, ரிவர்ஸில் முன்னோக்கி. ரப்பர் கிழிந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஆர்ம் ஒரு பக்கம் போய் இடிக்கும். கடப்பாரையால் மெல்ல நெம்பிப் பார்த்தால் கிழிசல் வாயைத் திறந்து காட்டும். பிரேக் காலிப்பரின் போல்ட் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் கேட்கும், ஆகவே அதை முதலில் பார்த்துவிடுங்கள். பள்ளத்தில் கடகடக்கும் சத்தம் பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுபோனால், அது சஸ்பென்ஷனே அல்ல, பிரேக் பேடு ஆடுகிறது.

கேள்வி: புது புஷ் போட்டு 6 மாதம்கூட ஆகவில்லை, கிழிந்துவிட்டது. போலிப் பொருளா?

பதில்: இருக்கலாம். ஆனால் பொருத்திய விதத்தையும் கேளுங்கள். பெரும்பாலான புஷ்களில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டப்பட்டிருக்கும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை முழுதாக இறுக்கினால், அந்த நிலையிலேயே உள்குழாய் பிடிபட்டுவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறி நிற்கும். அதன் மேல் ஒவ்வொரு பள்ளமும் இன்னும் முறுக்கும். போல்ட்டை விரலால் இறுகும் அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். அவசரத்தில் இந்த ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் வெதும்பும் விஷயம் இது. நல்ல பொருள் வீணாகிறது, பழி பொருளின் மேல் விழுகிறது.

கேள்வி: காலையில் கிளம்பும்போது கிரீச் கிரீச் என்கிறது. என்ஜின் ஆயில் விடலாமா?

பதில்: வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். ஒவ்வொரு புஷ்ஷிலும் தனித்தனியாகத் தண்ணீர் தெளித்து, வண்டியின் முன்பக்கத்தை அமுக்கி விடுங்கள். எதை நனைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான். ஸ்டெபிலைசர் பாரின் புஷ்ஷாக இருந்தால் கழற்றித் துடைத்து, தயாரிப்பாளர் அனுமதித்தால் சிலிக்கோன் கிரீஸ் தடவிப் போடலாம். மற்றவை கிழிந்திருந்தால் மாற்றுவதுதான் வழி.

கேள்வி: பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய உறுப்புதான். லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பந்துமூட்டு அது. அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். வண்டியைத் தூக்கியதும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்பிரிங் ஸ்ட்ரட்டில் இருக்கும் வண்டியில் சக்கரத்தைத் தொங்கவிட்டே பார்க்கலாம். ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேல் உட்காரும் அமைப்பில் ஆர்முக்கு அடியிலேயே ஜாக்கி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங்கின் விசை மூட்டை இறுக்கி, ஆட்டத்தை மறைத்துவிடும். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், டயருக்கு அடியில் நெம்புகோல் கொடுத்தும் தூக்கிப் பாருங்கள். இன்னொருவர் மூட்டை உற்றுப் பார்க்கட்டும். டயரின் இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டை (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு) சந்தேகியுங்கள். எந்தப் பக்கம் பிடித்தாலும் ஆடினால் வீல் பேரிங். பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் உறுதியானால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

கேள்வி: வளைவில் ஹூம் என்று ஒரு ரீங்காரம். இதுவும் சஸ்பென்ஷனா?

பதில்: பெரும்பாலும் வீல் பேரிங். இடது பக்கம் திரும்பும்போது கூடினால் எடை ஏறும் வலது பேரிங்கைப் பாருங்கள். முழுதாகத் திருப்பி வேகமெடுக்கும்போது டக்டக்டக் என்று சீராக வந்தால் டிரைவ் ஷாஃப்டின் வெளி மூட்டு.

கேள்வி: இடது ஷாக்கில்தான் எண்ணெய் ஒழுகுகிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: மெல்லிய ஈரப் படலம் மட்டும் இருந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்து கீழ்வரை நனைத்திருந்தால் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் தளர்ந்தது என்றால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் இரு பக்கமும் ஒரேபோல் நடந்துகொள்ளாது. கழற்றும் முன் ஸ்ட்ரட்டின் கீழ்ப் போல்ட் இருக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். அடையாளம் இருந்தாலும் வேலை முடிந்ததும் நேராக வீல் அலைன்மென்ட்டுக்கு ஓட்டிப் போங்கள்.